வௌவால்களிலிருந்து நிபா தீநுண்மம் பரவுதல்

நிபா தீநுண்மம் (நிபா வைரசு) என்பது பழந்தின்னி வௌவால்களின் உடலில் இயற்கையாகக் குடிகொண்டிருந்து, அவற்றிலிருந்து வீட்டு விலங்குகளுக்கும் மனிதர்களுக்கும் தொற்றக்கூடிய ஒரு நோய்க்கிருமி ஆகும். இது மனிதர்களில் மூளையழற்சியையும் கடுமையான மூச்சுக் கோளாறையும் உண்டாக்குகிறது. நோயுற்றோரில் ஏறத்தாழ 40 முதல் 75 விழுக்காட்டினர் இறக்கின்றனர். 1998–1999 ஆம் ஆண்டுகளில் மலேசியாவில் முதன்முதலாக அறியப்பட்ட இத்தீநுண்மம், பின்னர் சிங்கப்பூர், வங்காளதேசம், இந்தியா, பிலிப்பைன்சு ஆகிய நாடுகளிலும் நோயை ஏற்படுத்தியுள்ளது.

வௌவால்கள் மனிதரைத் தேடி வந்து கடிப்பதால் இந்நோய் வருவதில்லை. வௌவால் உண்ணும் மரம், அதன் கீழ் விழும் பழம், அப்பழத்தை உண்ணும் விலங்கு, அவ்விலங்கைப் பேணும் மனிதர் என ஒரு சங்கிலி அமையும்போதே தீநுண்மம் இனம் விட்டு இனம் தாவுகிறது. இச்சங்கிலியின் பெரும்பாலான கண்ணிகள் மனிதரால் அமைக்கப்பட்டவை. ஆகவே அவற்றை மனிதராலேயே அறுக்கவும் இயலும்.

பெயர்

மலேசியாவின் நெகிரி செம்பிலான் மாநிலத்திலுள்ள சுங்கை நிபா என்னும் சிற்றூரைச் சேர்ந்த ஒரு நோயாளியின் உடலிலிருந்து இத்தீநுண்மம் முதலில் பிரித்தெடுக்கப்பட்டதால் இப்பெயர் வழங்கலாயிற்று. மலாய் மொழியில் சுங்கை என்பது ஆற்றையும், நிபா என்பது சதுப்பு நிலத்தில் வளரும் ஒருவகைப் பனையையும் குறிக்கும்.

வகைப்பாடும் இயல்பும்

நிபா தீநுண்மம் பாராமிக்சோ தீநுண்மக் குடும்பத்தில் ஹெனிபா என்னும் பேரினத்தைச் சேர்ந்தது. தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி ஆகிய நோய்களைத் தரும் தீநுண்மங்களும் இதே குடும்பத்தைச் சேர்ந்தவை. ஹெனிபா என்னும் பெயர், ஆஸ்திரேலியாவில் கண்டறியப்பட்ட ஹென்ட்ரா தீநுண்மம், நிபா தீநுண்மம் ஆகிய இரண்டின் பெயர்களையும் சேர்த்து அமைக்கப்பட்டதாகும்.

ஒரு தீநுண்மம் ஓர் உயிரணுவினுள் நுழைய வேண்டுமாயின், அவ்வுயிரணுவின் மேற்பரப்பிலுள்ள ஏதேனும் ஒரு புரதத்தைப் பற்றிக்கொள்ள வேண்டும். இப்புரதம் ஏற்பி எனப்படும். பல தீநுண்மங்கள் ஒரு சில உயிரினங்களில் மட்டுமே காணப்படும் ஏற்பிகளைப் பற்றுவதால், அவை பிற இனங்களுக்குத் தாவுவது அரிதாக உள்ளது. நிபா, ஹென்ட்ரா தீநுண்மங்கள் எஃப்ரின்-பி2, எஃப்ரின்-பி3 என்னும் புரதங்களை ஏற்பிகளாகப் பயன்படுத்துகின்றன. இப்புரதங்கள் பாலூட்டிகளிடையே பெரிதும் வேறுபாடின்றிக் காணப்படுகின்றன. வௌவால், பன்றி, குதிரை, நாய், பூனை, மனிதர் என வெவ்வேறு இனங்களை இத்தீநுண்மங்கள் தாக்க வல்லனவாக இருப்பதற்கு இதுவே முக்கிய காரணம். மேலும் இப்புரதங்கள் குருதிக் குழாய்களின் உட்சுவரிலும் நரம்பு உயிரணுக்களிலும் மிகுதியாக உள்ளமையால், நோய் குருதிக் குழாய்களையும் மூளையையும் தாக்குகிறது.

இயற்கை ஓம்புயிர்

ஒரு நோய்க்கிருமி தன்னுள் தங்கிப் பெருக இடமளிக்கும் உயிரினம் ஓம்புயிர் எனப்படும். நிபா, ஹென்ட்ரா தீநுண்மங்களின் இயற்கை ஓம்புயிர்கள் தெரோபசு என்னும் பேரினத்தைச் சேர்ந்த பெரிய பழந்தின்னி வௌவால்கள் ஆகும். தெற்கு ஆசியா, தென்கிழக்கு ஆசியா, ஆஸ்திரேலியா ஆகிய பகுதிகளிலும் இந்தியப் பெருங்கடல் தீவுகளிலும் இவ்வௌவால்கள் வாழ்கின்றன. ஆலமரம், அரசமரம், புளியமரம் போன்ற உயர்ந்த மரங்களில் பகற்பொழுதில் நூற்றுக்கணக்கில் தலைகீழாகத் தொங்கும் இந்தியப் பழந்தின்னி வௌவாலும் இப்பேரினத்தைச் சேர்ந்ததே.

இத்தீநுண்மங்கள் வௌவால்களில் வெளிப்படையான நோய் எதையும் உண்டாக்குவதில்லை. வௌவால்களின் நோயெதிர்ப்பு அமைப்பு தீநுண்மப் பெருக்கத்தைக் கட்டுக்குள் வைத்திருப்பதோடு, உடலுக்குத் தீங்கு செய்யும் அளவுக்கு அழற்சி மிகாமலும் பார்த்துக்கொள்கிறது. பறத்தலின்போது உடலில் உண்டாகும் கடும் வெப்பத்தையும் வேதியியல் அழுத்தத்தையும் தாங்கும் பொருட்டு அவை கூர்ப்பின் வழியில் பெற்ற மாற்றங்களே இதற்கு உதவுகின்றன என்று ஆய்வாளர் பலர் கருதுகின்றனர்.

தீநுண்மம் வௌவாலின் சிறுநீர், உமிழ்நீர், எச்சம் ஆகியவற்றில் வெளியேறுகிறது. ஆயினும் எல்லா வௌவால்களும் எப்போதும் அதனை வெளியிடுவதில்லை. ஒரு கூட்டத்தில் பல வௌவால்களின் குருதியில் இத்தீநுண்மத்துக்கு எதிரான பிறபொருளெதிரிகள் (முன்பு தொற்று ஏற்பட்டதன் அடையாளம்) காணப்பட்டாலும், குறிப்பிட்ட ஒரு நாளில் தீநுண்மத்தை வெளியிடுபவை மிகச் சிலவே. உணவுப் பற்றாக்குறை, வாழிட இழப்பு போன்ற நெருக்கடிகளின்போது இவ்வெளியேற்றம் மிகுவதாக ஆஸ்திரேலிய ஆய்வுகள் காட்டுகின்றன.

முன்னோடி நிகழ்வு: ஹென்ட்ரா தீநுண்மம்

வௌவால்களிலிருந்து வீட்டு விலங்கு வழியாக மனிதருக்கு ஒரு தீநுண்மம் பரவும் முறை நிபாவுக்கு முன்பே ஆஸ்திரேலியாவில் அறியப்பட்டது. 1994 ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில், குயின்சுலாந்து மாநிலத்தின் தலைநகர் பிரிசுபேனின் புறநகரான ஹென்ட்ராவில், பந்தயக் குதிரை இலாயம் ஒன்றுக்குக் கொண்டுவரப்பட்ட சினைக் குதிரை ஒன்று நோயுற்று இறந்தது. சில நாட்களில் அங்கிருந்த பிற குதிரைகளும் காய்ச்சலும் மூச்சுத் திணறலும் கண்டு இறக்கத் தொடங்கின. அவற்றைப் பேணிய குதிரைப் பயிற்றுநரும் இலாயப் பணியாளர் ஒருவரும் நோயுற்றனர். பயிற்றுநர் உயிரிழந்தார்.

குதிரைகளிலிருந்து புதியதொரு தீநுண்மம் பிரித்தெடுக்கப்பட்டது. அதன் இயற்கை இருப்பிடத்தைத் தேடிய ஆய்வாளர்கள், 1996 ஆம் ஆண்டில் பழந்தின்னி வௌவால்களில் அதற்கான சான்றுகளைக் கண்டனர். மேய்ச்சல் நிலத்திலுள்ள அத்தி முதலிய மரங்களில் வௌவால்கள் இரவில் உணவு உண்கின்றன. அவற்றின் சிறுநீரும், மென்று துப்பிய பழச் சக்கைகளும் கீழேயுள்ள புல்லின்மீது விழுகின்றன. அப்புல்லை மேயும் குதிரை தொற்றுக்கு உள்ளாகிறது.

இதுவரை ஏழு பேருக்கு ஹென்ட்ரா நோய் ஏற்பட்டு, அவர்களுள் நால்வர் இறந்துள்ளனர். இறந்தவர்களுள் இருவர் கால்நடை மருத்துவர்கள். எழுவருமே நோயுற்ற குதிரைகளிடமிருந்து தொற்றுப் பெற்றவர்கள். காயமுற்ற வௌவால்களைப் பேணுவோரிடம் செய்யப்பட்ட சோதனைகளில் ஒருவருக்கும் இத்தொற்று காணப்படவில்லை என்பது குறிப்பிடத்தக்கது. வௌவாலின் உடலில் குறைந்த அளவில் இருக்கும் தீநுண்மம், குதிரையின் உடலில் பன்மடங்கு பெருகிய பின்னரே மனிதருக்குத் தொற்றுகிறது. இவ்வாறு இடையில் நின்று நோய்க்கிருமியைப் பெருக்கும் விலங்கு பெருக்கும் ஓம்புயிர் எனப்படும்.

மலேசியாவில் நோய்ப்பரவல்

தவறான நோயறிதல்

1998 ஆம் ஆண்டு செப்டம்பர் இறுதியில் பேராக் மாநிலத்தின் ஈப்போ நகரை அடுத்த பன்றிப் பண்ணைகளில் பணிபுரிந்தோரிடையே மூளையழற்சி தோன்றியது. அப்பகுதியில் முன்பே அறியப்பட்டிருந்த சப்பானிய மூளையழற்சி என்றே இது முதலில் கருதப்பட்டது. சப்பானிய மூளையழற்சியும் பன்றிகளில் பெருகும் ஒரு தீநுண்ம நோயே. ஆனால் அதனைப் பன்றியிலிருந்து மனிதருக்குக் கொண்டு செல்பவை கொசுக்கள் ஆகும். எனவே கொசு ஒழிப்புப் புகை அடிக்கப்பட்டது. மக்களுக்குச் சப்பானிய மூளையழற்சித் தடுப்பூசி போடப்பட்டது. நோய் குறையவில்லை.

இந்நோய்ப்பரவலில் சப்பானிய மூளையழற்சியோடு பொருந்தாத கூறுகள் பல இருந்தன.

- சப்பானிய மூளையழற்சி பெரும்பாலும் சிறுவரைத் தாக்கும். இங்கு நோயுற்றவர்களில் பெரும்பாலோர் வளர்ந்த ஆண்கள்.
- பன்றிகளை நேரடியாகத் தொட்டுப் பணிபுரிந்தோரே நோயுற்றனர். கொசு எல்லோரையும் கடிக்கும். ஆயினும் அருகிலேயே வாழ்ந்த, பன்றியைத் தொடாத மலாய் முசுலிம்களிடம் நோய் காணப்படவில்லை.
- தடுப்பூசி போட்டுக்கொண்டவர்களும் நோயுற்றனர்.
- மனிதருக்கு நோய் வருவதற்கு முன்னர் அதே பண்ணைகளில் பன்றிகளும் நோயுற்றிருந்தன. சப்பானிய மூளையழற்சியில் வளர்ந்த பன்றிகள் பொதுவாக நோயுறுவதில்லை.

நோயுற்ற பன்றிகள் தொலைவிலிருந்தே கேட்கும்படி உரத்து இருமின. எனினும் அவற்றுள் இறந்தவை குறைவே. இதனால் பண்ணையாளர்கள் இதனை ஒரு பேராபத்தாகக் கருதவில்லை. பேராக்கிலிருந்து விற்கப்பட்ட பன்றிகள் சரக்குந்துகளில் தெற்கே கொண்டு செல்லப்பட்டன. அவற்றோடு தீநுண்மமும் சென்றது. 1998 ஆம் ஆண்டு இறுதி முதல் நெகிரி செம்பிலான் மாநிலத்தின் சுங்கை நிபா, புக்கிட் பெலாண்டோக் வட்டாரங்களில் நோய் கடுமையாகப் பரவியது. நோயுற்றவர்களில் பெரும்பாலோர் சீனப் பண்ணையாளர்கள். பண்ணைகளில் பணிபுரிந்த இந்திய வம்சாவளியினரும் அவர்களுள் இருந்தனர்.

கண்டறிதல்

1999 ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில், மலாயாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த தீநுண்மவியலாளர் சுவா கா பிங் நோயாளியின் மூளைத் தண்டுவட நீரிலிருந்து ஒரு தீநுண்மத்தைப் பிரித்தெடுத்தார். வளர்ப்பூடகத்தில் உயிரணுக்கள் ஒன்றோடொன்று இணைந்து பெரிய உயிரணுக்களாக மாறியிருந்தன. இது சப்பானிய மூளையழற்சித் தீநுண்மத்தின் இயல்பு அன்று. அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையத்தில் எலக்ட்ரான் நுண்ணோக்கியின் துணையுடன் ஆராய்ந்தபோது, இது பாராமிக்சோ குடும்பத்தைச் சேர்ந்தது என்பது தெரியவந்தது. ஹென்ட்ரா தீநுண்மத்துக்கு எதிரான பிறபொருளெதிரிகளுடன் இது வினைபுரிந்ததால், ஹென்ட்ராவின் நெருங்கிய உறவினம் என்பதும் உறுதியாயிற்று.

இக்கண்டுபிடிப்பால் தடுப்பு முறை முற்றிலும் மாறியது. கொசுவைத் துரத்துவதற்கு மாறாகப் பன்றியோடு மனிதர் கொள்ளும் தொடர்பைத் துண்டிக்க வேண்டும் என்பது தெளிவானது. பன்றிகளை இடம் பெயர்த்தல் தடை செய்யப்பட்டது. படையினரின் உதவியுடன் பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட பன்றிகள் அழிக்கப்பட்டன. 1999 ஆம் ஆண்டு மே மாதத்திற்குள் நோய்ப்பரவல் அடங்கியது.

மலேசியாவில் மொத்தம் 265 பேர் நோயுற்றனர். அவர்களுள் 105 பேர் இறந்தனர். சிங்கப்பூரில், மலேசியாவிலிருந்து இறக்குமதி செய்யப்பட்ட பன்றிகளைக் கையாண்ட இறைச்சிக்கூடத் தொழிலாளர் 11 பேர் நோயுற்று, ஒருவர் இறந்தார். மலேசியாவின் பன்றிப் பண்ணைகளின் எண்ணிக்கை பாதிக்கும் கீழாகக் குறைந்தது. பல குடும்பங்கள் உறவினரையும் வாழ்வாதாரத்தையும் ஒருசேர இழந்தன.

மாமரமும் பன்றிக் கொட்டிலும்

வௌவாலிலிருந்து பன்றிக்குத் தீநுண்மம் எவ்வாறு வந்தது என்பதும் பின்னர் ஆராயப்பட்டது. தியோமன் தீவில் வாழும் பழந்தின்னி வௌவால்களின் சிறுநீரிலிருந்து சுவா கா பிங் குழுவினர் நிபா தீநுண்மத்தைப் பிரித்தெடுத்தனர். வௌவால் கடித்த பழம் ஒன்றிலும் அது காணப்பட்டது.

நோய் முதலில் தோன்றிய பேராக் பண்ணையில் ஏறத்தாழ 30,000 பன்றிகள் வளர்க்கப்பட்டன. கூடுதல் வருவாய்க்காகக் கொட்டில்களை ஒட்டி மாமரங்கள் நடப்பட்டிருந்தன. இரவில் மாம்பழம் உண்ண வந்த வௌவால்கள், பாதி கடித்த பழங்களைக் கீழே நழுவ விட்டன. அவற்றைப் பன்றிகள் உண்டன.

இத்தகைய தாவல் ஒருமுறை நிகழ்ந்ததால் மட்டும் நோய் பெரிதாகிவிடவில்லை. முதலில் பண்ணைக்குள் நுழைந்த தீநுண்மம் விரைவாகப் பரவி, பன்றிகள் எதிர்ப்பாற்றல் பெற்றதும் ஓய்ந்திருக்கக்கூடும். பின்னர் மீண்டும் அது நுழைந்தபோது, தாயிடமிருந்து பெற்ற எதிர்ப்பாற்றலுடன் பிறந்த குட்டிகள் அப்பாதுகாப்பை வெவ்வேறு காலங்களில் இழந்து வந்தமையால், புதிதாகத் தொற்றுக்கு உள்ளாகும் பன்றிகள் பண்ணையில் தொடர்ந்து கிடைத்துக்கொண்டே இருந்தன. எனவே தீநுண்மம் அங்கு நிலைகொண்டது என்று 2012 ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வு விளக்குகிறது. சிறிய பண்ணையாயின் அது தானே அடங்கியிருக்கும். பெரும் எண்ணிக்கையில் விலங்குகளை ஓரிடத்தில் அடைத்து வளர்த்தலும், பழ மரங்களை அவற்றின் அருகில் நடுதலும் இணைந்ததே இந்நோய்ப்பரவலின் அடிப்படை எனலாம்.

இதன் பின்னர் பன்றிக் கொட்டில்களின் அருகிலுள்ள பழ மரங்களை அகற்றும்படி மலேசிய அரசு பண்ணையாளர்களைப் பணித்தது. 1999 ஆம் ஆண்டிற்குப் பிறகு மலேசியாவில் மனிதருக்கு நிபா நோய் ஏற்பட்டதாகப் பதிவு இல்லை. தியோமன் தீவிலும் பிற இடங்களிலும் வௌவால்கள் தீநுண்மத்துடன் தொடர்ந்து வாழ்ந்து வருகின்றன.

வங்காளதேசம்: ஈச்சஞ்சாறு வழிப் பரவல்

வங்காளதேசத்தில் 2001 ஆம் ஆண்டு முதல் ஏறத்தாழ ஒவ்வோர் ஆண்டும் குளிர்காலத்தில் நிபா நோய் தோன்றி வருகிறது. இங்குப் பன்றிகள் குறைவு. பெரும்பாலான நிகழ்வுகளில் இடையில் எந்த விலங்கும் இல்லை. நோய்க்கு வழியாக அமைவது பச்சை ஈச்சஞ்சாறு ஆகும்.

குளிர்காலத்தில் ஈச்ச மரத்தின் உச்சியில் பட்டையைச் சீவி, அவ்விடத்தில் மட்கலம் ஒன்றைக் கட்டிவிடுவர். இரவு முழுதும் இனிய சாறு கலத்தில் வடியும். விடியற்காலையில் கலம் இறக்கப்பட்டு, சாறு பச்சையாகவே பருகப்படும். தமிழகத்தில் பதநீர் விரும்பிப் பருகப்படுவது போல, அங்கு இது குளிர்காலத்தின் இன்பங்களுள் ஒன்று. இரவில் மரங்களில் அகச்சிவப்புப் படக்கருவிகளைப் பொருத்தி ஆய்வாளர்கள் கண்காணித்தபோது, வௌவால்கள் சீவப்பட்ட பகுதியை நக்குவதும், கலத்தின்மீதும் உள்ளும் சிறுநீர் கழிப்பதும் பதிவாயின. இனிய சாற்றில் தீநுண்மம் பல நாட்கள் அழியாது இருக்க வல்லது.

அதே சாற்றைக் காய்ச்சி வெல்லமாக்கி உண்போருக்கு இந்நோய் வருவதில்லை. கொதிக்க வைத்தலால் தீநுண்மம் அழிந்துவிடுகிறது.

வங்காளதேசத்தில் 2001 முதல் 2014 வரை பதிவான 248 நோயாளிகளை ஆராய்ந்ததில், 82 பேர் மற்றொரு நோயாளியிடமிருந்து தொற்றுப் பெற்றவர்கள் என்பது தெரியவந்தது. மூச்சுத் திணறலும் இருமலும் உள்ள நோயாளியின் அருகிலிருந்து பணிவிடை செய்யும் உறவினருக்கே இவ்வாறு தொற்றுவது மிகுதி. நோயுற்றவரை மடியில் கிடத்தி, உணவூட்டி, முகத்தைத் துடைத்து விடும் அன்பான பணிவிடையே நோய் தாவும் வழியாகிவிடுகிறது. இந்நாட்டில் கால்நடைகளின் குருதியிலும் நிபாவையொத்த தீநுண்மங்களுக்கு எதிரான பிறபொருளெதிரிகள் கண்டறியப்பட்டுள்ளன.

பிலிப்பைன்சு: குதிரை வழிப் பரவல்

2014 ஆம் ஆண்டில் பிலிப்பைன்சின் மிண்டனாவோ தீவில், சுல்தான் குதராத் மாகாணத்தில் குதிரைகள் நோயுற்று இறந்தன. அதே காலத்தில் 17 பேர் நோயுற்றனர். அவர்களுள் 9 பேர் இறந்தனர். நோயுற்ற குதிரையை அறுத்தவர்களும், அதன் இறைச்சியை உண்டவர்களும், நோயாளிகளைப் பேணியவர்களும் அவர்களுள் அடங்குவர். ஆராய்ந்தபோது, நோய்க்குக் காரணம் நிபா தீநுண்மம் அல்லது அதற்கு மிக நெருங்கிய தீநுண்மம் என்பது தெரியவந்தது. ஆஸ்திரேலியாவில் ஹென்ட்ராவுக்குப் பெருக்கும் ஓம்புயிராக விளங்கிய குதிரை, இங்கு நிபாவுக்கும் அவ்வாறே அமைந்தது.

இந்தியாவில் நிபா

இந்தியாவில் 2001 ஆம் ஆண்டு மேற்கு வங்காளத்தின் சிலிகுரி நகரில் 66 பேர் மூளையழற்சியால் பாதிக்கப்பட்டு, 45 பேர் இறந்தனர். அப்போது நோயின் காரணம் அறியப்படவில்லை. சேமித்து வைக்கப்பட்டிருந்த மாதிரிகளை ஆராய்ந்து, அது நிபா என்று 2006 ஆம் ஆண்டில் அறிவிக்கப்பட்டது. நோயுற்றோரில் பெரும்பாலோர் மருத்துவமனைகளில் தொற்றுப் பெற்றவர்கள். 2007 ஆம் ஆண்டு அம்மாநிலத்தின் நதியா மாவட்டத்தில் ஐவர் நோயுற்று ஐவரும் இறந்தனர்.

2018 ஆம் ஆண்டு மே மாதத்தில் கேரளத்தின் கோழிக்கோடு மாவட்டத்தில் நிபா தோன்றியது. அதிகாரபூர்வக் கணக்கின்படி 17 பேர் இறந்தனர். இவர்களுள் முதல் நோயாளிக்குப் பணிவிடை செய்த செவிலியர் ஒருவரும் அடங்குவார். முதல் நோயாளி ஒருவரைத் தவிர, மற்றவர்கள் மனிதரிடமிருந்தே, பெரும்பாலும் மருத்துவமனைகளில், தொற்றுப் பெற்றனர். நோயாளிகளோடு தொடர்பு கொண்ட ஈராயிரத்துக்கும் மேற்பட்டோர் கண்காணிக்கப்பட்டனர். ஒரு சில நாட்களிலேயே காரணம் உறுதி செய்யப்பட்டு, நோயாளிகள் தனிமைப்படுத்தப்பட்டதால் பரவல் கட்டுப்படுத்தப்பட்டது.

அந்நிகழ்வில், நோயுற்ற குடும்பத்தின் கிணற்றில் காணப்பட்ட பூச்சியுண்ணும் வௌவால்கள் முதலில் ஐயத்துக்குள்ளாயின. அவற்றில் தீநுண்மம் இல்லை. பின்னர் அப்பகுதியின் பழந்தின்னி வௌவால்களிலேயே அது கண்டறியப்பட்டது. கேரளத்தில் அதன்பின் 2019, 2021, 2023, 2024, 2025 ஆகிய ஆண்டுகளிலும் நிபா நோயாளிகள் கண்டறியப்பட்டனர். எனினும் 2018 ஆம் ஆண்டைப் போல இறப்புகள் மிகவில்லை. விரைந்து நோயறிதலும் தொடர்புடையோரைத் தேடிக் கண்காணித்தலும் இதற்குக் காரணங்களாகும். இக்காலங்களில் கேரள எல்லையை ஒட்டிய தமிழ்நாட்டு மாவட்டங்களின் சோதனைச் சாவடிகளிலும் கண்காணிப்பு மேற்கொள்ளப்பட்டது.

புனே தேசிய தீநுண்மவியல் நிறுவனம் நடத்திய நாடு தழுவிய ஆய்வில், தமிழ்நாடு, புதுச்சேரி உட்படப் பல மாநிலங்களின் பழந்தின்னி வௌவால்களில் நிபாவுக்கு எதிரான பிறபொருளெதிரிகள் காணப்பட்டன. இவ்விடங்களிலெல்லாம் நோய் பரவியுள்ளது என்பது இதன் பொருளன்று. வௌவால்களில் தீநுண்மம் பரந்து காணப்பட்டாலும் மனிதருக்கு அது தாவுவது அரிது என்பதையே இது காட்டுகிறது.

நோய் அறிகுறிகளும் மருத்துவமும்

நோயரும்பு காலம் பொதுவாக 4 முதல் 14 நாட்கள் ஆகும். காய்ச்சல், தலைவலி, தசைவலி, வாந்தி, தொண்டை வலி ஆகியன முதலில் தோன்றும். பின்னர் மயக்கம், குழப்பம், வலிப்பு ஆகியன தோன்றி, ஓரிரு நாட்களில் நோயாளி ஆழ்மயக்கத்தை அடையலாம். மலேசியாவில் மூளையழற்சியே முதன்மையாக இருந்தது. வங்காளதேசத்திலும் இந்தியாவிலும் மூச்சுக் கோளாறும் மிகுதியாகக் காணப்படுகிறது. உயிர் பிழைத்தோருள் சிலருக்கு மாதங்கள் அல்லது ஆண்டுகள் கழித்து மூளையழற்சி மீண்டும் தோன்றுவதுண்டு.

இந்நோய்க்கு ஒப்புதல் பெற்ற மருந்தோ, மனிதருக்கான தடுப்பூசியோ இல்லை. உடலியக்கங்களைப் பேணும் துணை மருத்துவமே அளிக்கப்படுகிறது. தீநுண்மத்தைச் செயலிழக்கச் செய்யும் பிறபொருளெதிரி மருந்துகள் ஆய்வு நிலையில் உள்ளன. ஆக்சுபோர்டு பல்கலைக்கழகம் உருவாக்கிய ஒரு தடுப்பூசி 2024 ஆம் ஆண்டு மனிதரில் முதற்கட்டச் சோதனைக்கு உட்படுத்தப்பட்டது. குதிரைகளுக்கான ஹென்ட்ரா தடுப்பூசி 2012 ஆம் ஆண்டு முதல் ஆஸ்திரேலியாவில் பயன்பாட்டில் உள்ளது. குதிரைக்குப் போடப்படும் இத்தடுப்பூசி, இடைக் கண்ணியை அறுப்பதன் மூலம் மனிதரையும் காக்கிறது.

தடுப்பு முறைகள்

மருந்தில்லாத நிலையில் சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியிலும் மேற்கொள்ளப்படும் எளிய தடுப்புகளே பயன் தருகின்றன.

- கொட்டில், இலாயம், தொழுவம் ஆகியவற்றை ஒட்டிப் பழ மரங்கள் வளர்ப்பதைத் தவிர்த்தல். முன்பே மரம் இருப்பின் கொட்டிலுக்குக் கூரை வேய்தல், தீவனத் தொட்டியையும் தண்ணீர்த் தொட்டியையும் மரத்தடியிலிருந்து அகற்றி வைத்தல்.
- வௌவால் அல்லது பறவை கடித்த பழங்களை உண்ணாதிருத்தல், அவற்றைக் கால்நடைகளுக்கும் இடாதிருத்தல். பிற பழங்களை நன்கு கழுவித் தோல் நீக்கி உண்ணல்.
- சாறு வடியும் மரங்களில், சீவிய பகுதியையும் கலத்தையும் மூடுமாறு மூங்கில் தட்டி கட்டுதல். வங்காளதேசத்தில் இம்முறை வௌவால்கள் சாற்றை அணுகுவதைப் பெரிதும் தடுத்தது. சாற்றைக் கொதிக்க வைத்துப் பருகுதல் மேலும் பாதுகாப்பானது.
- விலங்குகள் கூட்டமாக நோயுற்றால் அவற்றை விற்பதையும் இடம் பெயர்ப்பதையும் அறுப்பதையும் நிறுத்திக் கால்நடை மருத்துவருக்குத் தெரிவித்தல்.
- நோயாளிகளைப் பேணுவோர் முகக்கவசமும் கையுறையும் அணிதல், சவர்க்காரத்தால் கைகளை அடிக்கடி கழுவுதல்.

இவற்றுள் நான்காவது விதியைப் பண்ணையாளர் கடைப்பிடிப்பதற்கு, இழக்கும் விலங்குகளுக்கு உரிய இழப்பீடு கிடைக்கும் என்னும் உறுதி இன்றியமையாதது. இல்லாவிடில் நோயுற்ற விலங்கை விரைவில் விற்றுவிடவே அவர் முற்படுவார்.

வௌவால்களை அழித்தல்

நோய்ப்பரவல் செய்தி வெளியாகும் போதெல்லாம் வௌவால்களைக் கொல்ல வேண்டும், அவை தங்கும் மரங்களை வெட்ட வேண்டும் என்னும் கோரிக்கை எழுவதுண்டு. இது பயனற்றது என்பதோடு தீங்கையும் விளைவிக்கக்கூடும். உகாண்டாவில் கிட்டாக்கா சுரங்கத்தில் வாழ்ந்த எகிப்தியப் பழந்தின்னி வௌவால்கள், மார்பர்க்கு தீநுண்மத்தின் ஓம்புயிர்கள் என்று அறியப்பட்டதும் 2008 ஆம் ஆண்டில் அழிக்கப்பட்டன. சில ஆண்டுகளில் புதிய வௌவால்கள் அங்குக் குடியேறின. அவற்றில் தொற்றுள்ளவற்றின் விகிதம் முன்னிருந்ததைவிட இருமடங்குக்கும் மேலாக இருந்தது. 2012 ஆம் ஆண்டில் அருகிலுள்ள பகுதியில் மார்பர்க்கு நோய் தோன்றியது. கூட்டம் கலைக்கப்படும்போது வௌவால்கள் சிதறி புதிய இடங்களுக்குச் செல்வதும், தொற்றுக்கு உள்ளாகாத இளம் வௌவால்கள் பெருகுவதும் இதற்குக் காரணங்கள் ஆகும்.

ஆஸ்திரேலியாவில் குளிர்காலத்தில் பூக்கும் தைல மரக் காடுகள் அழிக்கப்பட்டமையால், உணவு தேடி வௌவால்கள் நகர்ப்புறங்களுக்கும் மேய்ச்சல் நிலங்களுக்கும் இடம்பெயர்ந்தன. ஹென்ட்ரா தாவல்கள் இத்தகைய உணவுப் பற்றாக்குறைக் காலங்களைத் தொடர்ந்து மிகுந்தன. காடுகளில் மரங்கள் மிகுதியாகப் பூத்த குளிர்காலங்களில் வௌவால்கள் அங்குத் திரும்பிச் சென்றன. தாவல்களும் நிகழவில்லை என்று 2022 ஆம் ஆண்டில் வெளியான நீண்டகால ஆய்வு கூறுகிறது. அதாவது, வௌவாலுக்குரிய காட்டைக் காப்பதும் நோய்த்தடுப்பே ஆகும்.

வௌவால்கள் மகரந்தச் சேர்க்கைக்கும் விதை பரவலுக்கும் பெரிதும் உதவுகின்றன. மலேசியாவில் பெரு விலை பெறும் துரியன் பழம் காய்ப்பதற்கு வௌவால்களின் மகரந்தச் சேர்க்கை முக்கியமானது.

வௌவால்களோடு தொடர்புடைய பிற தீநுண்மங்கள்

- விசர்நோய் (வெறிநாய்க்கடி நோய்): இலத்தீன் அமெரிக்காவில் குருதியுண்ணும் வௌவால்கள் கால்நடைகளைக் கடித்து இந்நோயைப் பரப்புகின்றன. இங்கு மட்டும் கடியே நேரடி வழியாகும். கால்நடைகளுக்குத் தடுப்பூசி போடுதல் முதன்மைத் தடுப்பு முறை.
- மெனாங்கிள் தீநுண்மம்: 1997 ஆம் ஆண்டு ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்சு மாநிலப் பன்றிப் பண்ணை ஒன்றில் குட்டிகள் இறந்து பிறந்தன. பணியாளர் இருவரும் தொற்றுக்கு உள்ளாகி நலம் பெற்றனர்.
- சார்சு கொரோனா தீநுண்மம்: 2002–2003 ஆம் ஆண்டுகளில் 8,000 பேருக்கு மேல் பாதித்தது, 774 பேர் இறந்தனர். இதன் மூல இனங்கள் குதிரை இலாட வௌவால்களில் உள்ளன. சீனாவின் சந்தைகளில் விற்கப்பட்ட மரநாய் வகைகள் இடைநிலை ஓம்புயிர்களாக அமைந்தன.
- மெர்சு கொரோனா தீநுண்மம்: 2012 ஆம் ஆண்டு சவூதி அரேபியாவில் அறியப்பட்டது. மனிதருக்கு ஒட்டகங்களிலிருந்து தொற்றுகிறது. இதன் உறவினத் தீநுண்மங்கள் வௌவால்களில் காணப்படுகின்றன.
- பன்றிக் கடும் வயிற்றுப்போக்குக் கொரோனா தீநுண்மம்: 2016–2017 ஆம் ஆண்டுகளில் சீனாவின் குவாங்டாங் மாகாணத்தில் ஏறத்தாழ 25,000 பன்றிக்குட்டிகள் இறப்பதற்குக் காரணமானது. இதுவும் குதிரை இலாட வௌவால்களிலிருந்து வந்தது.

இவற்றையும் பார்க்க

- வௌவால்
- தீநுண்மம்
- மூளையழற்சி
- விசர்நோய்
- சப்பானிய மூளையழற்சி